பதினோரு படங்கள்

பல் மருத்துவரிடமிருந்து திரும்பியபோது என் வாயின் இடது பாதி இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை. உதடு தொங்குகிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே ஸ்டூடியோவின் படிகளில் ஏறினேன். மார்ச் மாதத்துப் பனி காலணியிலிருந்து உருகிப் படிக்குப் படி சொட்டியது. மேலே கதவு திறந்திருந்தது. படமெடுக்கும் நாட்களில் எங்கள் கதவு சாத்தியிருக்காது. அது தானாகச் சாத்திக்கொள்ளாமலிருக்க, ஏரிக்கரையிலிருந்து பொறுக்கிவந்த பெரிய கல் ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருப்போம்.

வெண்டல் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வருடம் ஒருவனோடு குடித்தனம் செய்தால் அவன் முதுகே பேசும். நல்ல படம் கிடைத்த நாட்களில் அவன் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி நிற்கும். அன்று ஏறி நின்றன.

"கிரெட், சீக்கிரம் வா. கோட்டை அப்புறம் கழட்டிக்கலாம்."

"பழ்ழு..." என்று ஆரம்பித்தேன்.

"பல்லு கிடக்குது. முதல்ல இதைப் பாரு."

பார்த்தேன். போன வாரம் தன் அம்மா ஷெரியோடு முதல்முறை வந்திருந்த பெண், டெலானி. பதினைந்து வயது, ஒட்டடைக்குச்சி உயரம், மூக்கின்மேல் மிளகு தூவினாற்போல் புள்ளிகள். முடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள். அவளைவிட இரண்டு மடங்கு பெரிய சாம்பல் நிற ஸ்வெட்டருக்குள் அவள் கைகள் விரல்நுனிவரை மறைந்திருந்தன. முகத்தில் சிரிப்பில்லை. கேமராவைப் பார்த்தும் பார்க்காமலும், அதற்கு ஓரங்குலம் மேலே, லென்சுக்குப் பின்னால் நிற்கும் மனிதனின் கண்ணைத் தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்திருந்தது. பார்த்தவர் யாரும் அந்த முகத்தைத் தாண்டிப் போக முடியாது. அப்படி ஒரு படம்.

"எப்படி? சொல்லு. எப்படி இருக்கு?" என்றான் வெண்டல்.

"எப்பப் போட்டா?"

"எது?"

"ஸ்வெட்டரை. எப்பப் போட்டா, வெண்டல்?"

மவுஸின் மேலிருந்த அவன் கை நின்றது. தோள்கள் மெல்ல மெல்ல இறங்கின.

அந்த ஸ்வெட்டர் என்னுடையது. முழங்கையில் நூல் பிரிந்தபின் வீட்டில் போட்டுக்கொண்டிருந்து, அதுவும் முடியாமல் போனபின் ஸ்டூடியோவுக்கு வந்தது. உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் பத்து வருடமாகத் தொங்குகிறது. எங்கள் பிழைப்பு பள்ளி இறுதியாண்டுப் படங்களிலும் ஹாக்கி அணிகளிலும் கல்யாணங்களிலும் ஓடுகிறது. ஆனால் வருடத்துக்கு இருபது பிள்ளைகளாவது, சிகாகோவிலோ மினியாபொலிசிலோ இருக்கும் மாடல் ஏஜென்சிகளுக்கு அனுப்ப முதல் படங்கள் வேண்டுமென்று எங்கள் ஊரான டுலூத்தைத் தேடி வருவார்கள். முக்கால்வாசிப் பேருக்குப் பதினெட்டு ஆகியிருக்காது. அவர்களுக்காக நாங்கள் சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். முதல்முறை வரும்போது கேமராவை வெளியிலேயே எடுப்பதில்லை. அம்மாவோ அப்பாவோ மஞ்சள் நாற்காலியில் உட்காரவேண்டும், பிள்ளை நிற்கும் இடமும் திரையும் அங்கிருந்து தெரியவேண்டும். நீச்சலுடைப் படம், யார் கேட்டாலும் கிடையாது. பிள்ளைக்கு நேராகக் கடிதம், போன், செய்தி எதுவும் போகாது, எல்லாம் பெற்றவர் வழியாகத்தான். வெண்டல் படம் எடுக்கும்போது நானும் அறையில் இருப்பேன்.

இதெல்லாம் ஊரில் ஒழுங்காகத் தொழில் செய்யும் யாரும் செய்வதுதான். ஸ்வெட்டர் மட்டும் என் யோசனை. பதினேழு வயதில் நானும் ஒரு கடைவளாகத்து ஸ்டூடியோவில் நின்றிருக்கிறேன். என் அப்பா வெளியே பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், கதவு சாத்தியிருந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், வெண்டலிடமும். போதும் என்று சொல்ல எனக்கு அன்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை, அவ்வளவுதான். நாற்காலியில் அம்மாவே உட்கார்ந்திருந்தாலும் சில பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை வராது. அம்மா உட்கார்ந்திருப்பதாலேயே வராத பிள்ளைகளும் உண்டு. அதனால் முதல் நாள், பெற்றவர் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பிள்ளைக்கு இடத்தைச் சுற்றிக் காட்டுகிற சாக்கில் அந்தக் கொக்கியருகே கூட்டிப்போவேன். "நிறுத்தணும்னு தோணிச்சுன்னா இதை எடுத்துப் போட்டுக்கோ. காரணம் சொல்ல வேண்டாம். வெண்டல் பார்த்ததும் விளக்கு சூடாயிருச்சும்பான், கேமரா மக்கர் பண்ணுதும்பான். அன்னைக்கு அதோட முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது" என்பேன்.

பத்து வருடத்தில் ஆறு பேர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆறு முறையும் வெண்டல் அந்த நொடியே நிறுத்தினான். அதில் ஒரு பையனுக்கு நிஜமாகவே குளிர். சொன்னதை மறந்துபோய் எடுத்து மாட்டிக்கொண்டான். வெண்டல் எல்லா விளக்கையும் அணைத்து, அருமையாகத் தயாராகியிருந்த ஒரு காலைப்பொழுதை முடித்துவைத்து, அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அந்தப் பையனின் அம்மா வருடக்கணக்கில் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள்.

டெலானியிடம் சொன்னபோது அவள் ஸ்வெட்டரின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெஜமாவே நிறுத்துவாரா?" என்று கேட்டாள்.

"நிறுத்துவான்," என்றேன். அவனைக் கேட்காமலே சொன்னேன். கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

"நான் இல்லாத நாள்ல ஏன் எடுத்தே?" என்று இப்போது வெண்டலிடம் கேட்டேன். மரத்த வாயிலிருந்து சொற்கள் குழறித்தான் வந்தன. வேறொரு நாளாயிருந்தால் வெண்டல் அதை நடித்துக் காட்டியிருப்பான்.

"உனக்குத் திடீர்னு பல்லு உடைஞ்சுது. அந்தம்மா பள்ளிக்கூடக் கேன்டீன்ல லீவு சொல்லிட்டு ஹிப்பிங்லேர்ந்து ஒன்றரை மணி நேரம் பனியில ஓட்டிக்கிட்டு வந்துட்டாங்க. திருப்பி அனுப்பச் சொல்றியா? அம்மா மஞ்சள் நாற்காலியில இருந்தாங்க. கதவு திறந்திருந்தது."

"என்ன நடந்துது?"

"ஒண்ணும் நடக்கல." பிறகு, திரையைப் பார்த்தபடியே, "ஷெரிக்கு ஒரு போன் வந்துது," என்றான்.

போனில் வந்தது டெரிக் என்கிற ஒருவன், சிகாகோ ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். ஒரு கடையில் டெலானியைப் பார்த்து ஷெரியிடம் அட்டை கொடுத்தவன் அவன்தான். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. ஷெரி சந்தோஷத்தில் போனைத் திருப்பித் திரையைக் காட்டியிருக்கிறாள். பிறகு பெண்ணையே காட்டியிருக்கிறாள். பல் தெரியாமல் சிரிக்கச் சொல்லுங்கள் என்று போன் சொல்லியிருக்கிறது. பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லுங்கள், எடை சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறது. அம்மா ஒவ்வொன்றையும் வாங்கி மகளிடம் சொல்லியிருக்கிறாள். வயித்த உள்ள இழு கண்ணு. அப்படியில்ல, இந்தப் பக்கம்.

"நீ பார்த்துக்கிட்டு நின்னியா?"

"அது அவங்க போன், கிரெட். அறையில வேற யாரும் இல்ல. கதவு வழியா யாரும் வரல." சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

கதவுக்குக் கல் வைத்திருந்தோம், நாற்காலியை அளந்து போட்டிருந்தோம். ஒரு அம்மாவின் உள்ளங்கையில் ஏறி ஒருவன் அறைக்குள் வந்து உட்காருவான் என்று நாங்கள் யோசித்திருக்கவில்லை.

"அப்பத்தான் போட்டாளா?"

"கவனிக்கல. குளிருது போலன்னு நினைச்சேன். அந்த வெளிச்சம் வேற, பாரேன்..."

நான் அவனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு மவுஸை வாங்கினேன். எங்கள் கேமரா ஒவ்வொரு படத்தின் அடியிலும் நொடியோடு நேரத்தைக் குறித்துவிடும். ஸ்வெட்டரோடு மொத்தம் பதினோரு படங்கள். முதலாவது இரண்டு மணி பதினான்கு நிமிடம் ஏழாவது நொடியில் எடுத்தது, கடைசிப்படம் இரண்டு பதினைந்து நாற்பதில். தொண்ணூற்று மூன்று நொடிகள். முதல் படத்தில் அவள் நிம்மதியாக இருந்தாள். கடைசிப் பேருந்தை ஓடிப் பிடித்துவிட்டவர்கள் முகத்தில் இருக்குமே, அந்த நிம்மதி. மூன்றாவதில் அது போய்விட்டிருந்தது. வெண்டல் என்னைக் கூப்பிட்டுக் காட்டியது ஏழாவது.

மறுநாள் காலையிலேயே ஷெரி கூப்பிட்டாள்.

"டெரிக்குக்குத் தலைகால் புரியல, கிரெட்சன்! கிளம்பறதுக்கு முன்னாடி உங்க திரையில இருந்ததை என் போன்ல ஒண்ணு பிடிச்சு அனுப்பியிருந்தேன். அந்த ஸ்வெட்டர்ல இருக்கிறது. அதோட பெரிய பிரதிய சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அனுப்பணுமாம். திங்கக்கிழமை மேலிடத்துல காட்டப் போறாராம்."

"எல்லாப் படத்தையும் ஒரு தாள்ல அச்சடிச்சு வைப்போம், டெலானி வந்து பார்த்து வேணும் வேணாம்னு குறிக்கணும், ஷெரி. அதுக்கப்புறம்தான் எதையும் தருவோம். நீங்க கையெழுத்துப் போட்ட காகிதத்துல இருக்கு."

"அவளா? காலையில கால்ல மாட்டுற ரெண்டு சாக்ஸும் ஒரே கலர்ல இருக்கணும்னு தெரியாதுங்க அவளுக்கு. அவளைக் கேட்டா எதுவும் வேணாம்பா. நான் பதினெட்டு வருஷமா அந்தக் கேன்டீன்ல மாக்கரோனி கரண்டி பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். இவளும் வந்து என் பக்கத்துல நிக்கட்டும்கறீங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை. கதவு ஒன்று திறந்திருப்பதைப் பார்த்தவள், சாத்துவதற்குள் ஓடிவிடப் பார்க்கும் அவசரம்தான் இருந்தது. நானும் ஒரு மகளை வளர்த்தவள். அந்த அவசரம் எனக்குத் தெரியாததல்ல.

"சனிக்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க," என்றேன்.

போனை வைத்தபின் அந்தப் பெண்ணோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச முடிந்தால் போதும் என்று தோன்றியது. உனக்கு அது வேண்டுமா, வேண்டாமா, அதை மட்டும் சொல். ஆனால் பிள்ளைக்கு நேராக ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று எழுதி, சட்டம்போட்டு, சுவரில் மாட்டியதும் நான்தான். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, அவள் அம்மாவுக்குத் தெரியாமல், புகைப்படக்காரர் வீட்டிலிருந்து ஒரு செய்தி போகிறது. வேறு யாராவது இப்படிச் செய்தால் நான் என்ன நினைப்பேன்? போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் காட்டரிசி சூப் வைத்தேன். மெல்லவேண்டியதில்லை என்பதால் எனக்கு, பிடிக்கும் என்பதால் அவனுக்கு. வெண்டல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"அழிச்சிடறேன். பதினொண்ணையும். இப்பவே ஸ்டூடியோவுக்குப் போய் அழிச்சிடறேன். மெமரி கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்," என்றான்.

"அவளைக் கேட்காமலா?"

"அவ வேணாம்னுதான் சொன்னா, கிரெட். ஸ்வெட்டரைப் போட்டாளே."

"நிறுத்தச் சொன்னா. அழிக்கச் சொன்னாளா? அவளுக்கு அது வேணுமாவும் இருக்கலாம். ஹிப்பிங்கை விட்டுப் போறதுக்கு அவளுக்கு இருக்கிற ஒரே டிக்கெட் அதுன்னு அவளே நினைச்சுக்கிட்டிருக்கலாம். ஒரு தடவை அவளைக் கேட்காம எடுத்தே. இப்ப அவளைக் கேட்காம அழிப்பியா?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். வெளியே யாரோ வாசல் பனியை மண்வெட்டியால் சுரண்டும் சத்தம் கேட்டது. அது நின்றபின் வெண்டல் சொன்னான்:

"கவனிக்கலன்னு உன்கிட்ட சொன்னேன் இல்ல? கவனிச்சேன்."

நானும் என் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அவ கொக்கிகிட்ட போறப்பவே தெரியும். கேமராவை இறக்கத்தான் போனேன். அவ திரும்பினா. அந்தக் கையி, அந்த முகம், ஜன்னல்லேர்ந்து அந்த வெளிச்சம். ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு இறக்கிடலாம்னு நினைச்சேன். ஒண்ணு எடுத்தேன். அவ என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா. அந்தப் பார்வைதான்... அதைத்தான் எடுத்துக்கிட்டிருந்தேன். என்னைத்தான் பார்க்கறான்னு தெரிஞ்சுக்கிட்டே எடுத்தேன்." மூக்கைக் கையால் துடைத்துக்கொண்டான். "முப்பது வருஷத்துல இதுமாதிரி ஒரு படம் எடுத்ததில்ல நான். அதுதான் ரொம்பக் கேவலமா இருக்கு."

எழுந்துபோய் அவன் தோளைத் தொடவேண்டும் என்று பாதி மனது சொன்னது. மீதி மனது, கொக்கியருகே நின்றுகொண்டு, நிறுத்துவான் என்று ஒரு பெண்ணிடம் உறுதி சொல்லிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவன் சூப்பை நான் கொட்டியது அன்றுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஷெரி உதட்டுச் சாயம் பூசி, முடியைச் சுருட்டிவிட்டிருந்தாள். போட்டோ அவளுக்குத்தான் என்பதுபோல் இருந்தது. கையில் ஒரு டப்பா நிறையத் தானே செய்த எலுமிச்சைக் கேக் துண்டுகள். "கேன்டீன் கேக்னு பயந்துடாதீங்க, இது வீட்டு அடுப்பு," என்று சிரித்தாள். டெலானி அம்மாவின் பின்னால், வாசல் கல்லை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தாள். வெண்டல் வணக்கம் சொன்னான். அவள் அவன் சட்டைப் பித்தானைப் பார்த்து வணக்கம் சொன்னாள்.

எங்கள் வழக்கம் பழையது. எடுத்த எல்லாப் படங்களையும் தபால்தலை அளவில் ஒரே தாளில் அச்சடித்து மேஜையில் வைப்போம். பக்கத்தில் ஒரு சிவப்பு மெழுகுப் பென்சில். பிள்ளை தனியாக உட்கார்ந்து, வேண்டியதற்கு வட்டமும் வேண்டாததற்குக் குறுக்குக்கோடும் போடவேண்டும். கோடு போட்டதெல்லாம் அன்றே அழிந்துவிடும். பெற்றவர் மஞ்சள் நாற்காலியில் இருக்கலாம், வாய்திறக்கக்கூடாது. தாளின் கடைசியில் பிள்ளையின் கையெழுத்துக்கென்று ஒரு கோடு உண்டு.

டெலானி மேல் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். பென்சிலைப் பரீட்சை எழுதுவதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒன்றுக்கு வட்டம். கண் மூடிய ஒன்றுக்குக் கோடு. நான் தேவையில்லாமல் ஒரு திரைச்சீலையை மடித்துக்கொண்டு நின்றேன். வெண்டல் கணினிக்குப் பக்கத்தில் நின்றான், எங்கே வைப்பது என்று தெரியாத கைகளோடு.

கடைசி இரண்டு வரிசைக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

"ஸ்வெட்டர் போட்டிருக்கிறதுல அந்த ஏழாவது, கண்ணு. அதைத்தான் டெரிக் கேட்டாரு," என்றாள் ஷெரி.

"ஷெரி," என்றேன்.

"சரி, சரி. வாய மூடிக்கறேன்." மூடிக்கொண்டாள். ஆனால் ஒரு நிமிடத்தில் அவள் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. "அவருதான். எடுக்கட்டுமா? ரெண்டே வார்த்தை. நீங்களே அவர்கிட்ட..."

டெலானி பென்சிலைத் தாளின்மேல் வைத்தாள், நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு நகர்த்தினாள், எழுந்து நடந்துபோனாள். கொக்கியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாள். ஒரு கை, இன்னொரு கை, பிறகு தலை. திரும்பி நின்று, நான்கு நாளில் முதல்முறையாக, வெண்டலின் கண்ணைப் பார்த்தாள்.

வெண்டல் குனிந்து, எல்லாவற்றுக்கும் மின்சாரம் போகும் வயரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். திரை இருண்டது, மேஜை விளக்கு அணைந்தது, மூலையில் முனகிக்கொண்டிருந்த ஹீட்டர்கூட நின்றது.

"மின்சாரம் போயிருச்சு," என்றான். "இன்னைக்கு ஒண்ணும் பண்ண முடியாது. எதையும் அனுப்ப முடியாது. மன்னிச்சுக்கோங்க."

அவன் யாரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான் என்பது ஷெரிக்குத் தெரிந்துவிட்டது. கையில் போன் அதிர்ந்துகொண்டேயிருக்க, அவனையும் அவன் கையில் தொங்கிய வயரையும் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். ஸ்வெட்டரைப் பார்த்தாள். கொக்கியைப் பார்த்தாள். கேன்டீன் வரிசையில் எந்தப் பிள்ளை தட்டை நீட்டாமல் நிற்கிறது என்று நாள் முழுக்கப் பார்க்கும் கண்கள் அவை. அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அன்னைக்கும் குளிருச்சா, கண்ணு?" என்று கேட்டாள்.

டெலானி ஸ்வெட்டரின் கையைச் சுருட்டி உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டாள். போன் அதிர்ந்து அதிர்ந்து தானாக ஓய்ந்தது. ஷெரி அதைப் பைக்குள் போட்டாள். வெகுநேரம் பையின் ஜிப்பையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எல்லாருமா சேர்ந்து என்னை ஒரு வில்லியாக்கிட்டீங்க," என்றாள் என்னிடம், குரலை உயர்த்தாமல். "என் பொண்ணுக்கு என்கிட்ட சொல்ல முடியாததைச் சொல்றதுக்கு இங்க ஒரு கொக்கி இருக்கு."

அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். டெலானி மேஜைக்குப் போய், நின்றபடியே, தாளின்மேல் குனிந்து பென்சிலால் ஏதோ எழுதினாள். கையெழுத்துத்தான் போடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு இருவரும் படியிறங்கிப் போனார்கள். ஸ்வெட்டரைக் கழற்ற அவளும் மறந்துவிட்டாள், கேட்க நானும் மறந்துவிட்டேன்.

வெண்டல்தான் முதலில் மேஜைக்குப் போனான். போனவன் அங்கேயே நின்றுவிட்டான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கடைசி இரண்டு வரிசையின் பதினோரு கட்டங்களில் ஒன்றில்கூட வட்டமும் இல்லை, கோடும் இல்லை. கையெழுத்துக்கான கோட்டின்மேல், பள்ளிக்கூடக் கையெழுத்தில், சிவப்பாக ஒரு வரி இருந்தது.

*அன்னைக்கு ஏன் நிறுத்தல?*

"பதில் எழுதணும்," என்றான் வெண்டல்.

"எப்படி எழுதுவே? அவளுக்கு நேரா எழுத முடியாது."

"ஷெரி வழியா எழுதறேன். அவங்களும் படிக்கட்டும்."

"என்ன எழுதுவே?"

அவன் பென்சிலை எடுத்தான். அதன் முனை அவள் பிடித்த பிடியில் மழுங்கியிருந்தது. தாளின் ஓரத்தில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான். ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது, அதற்குமேல் நகரவில்லை. கடைசியில் தாளை எடுத்துக்கொண்டு போய், காலியாயிருந்த கொக்கியில் குத்தி மாட்டினான். கேமராவுக்குப் பின்னால் நின்று நிமிர்ந்தால் நேராகக் கண்ணில் படும் இடம் அது.

ஹீட்டர் நின்றுபோன அறையில் குளிர் ஏற ஆரம்பித்திருந்தது. பிளக்கைச் செருகவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. நான் ஜன்னலுக்குப் போனேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் அவர்களுடைய பழைய நீலக் கார் இன்னும் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடியது, பின்னாலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது, கார் நகரவில்லை. கண்ணாடியெல்லாம் உள்ளிருந்து ஆவிபடிந்துபோய், இரண்டு தலைகள் இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. யார் பேசுகிறார்கள், பேசுகிறார்களா என்பதே தெரியவில்லை. வெண்டல் என் பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்சநேரம் கழித்து அவன் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது.

அப்போது முன்கண்ணாடியின் ஒரு பக்கத்தில், விரல்நுனியைத் தாண்டி நீண்ட ஸ்வெட்டரின் சாம்பல் நிறக் கை ஒன்று எழுந்து, ஆவிபடிந்த கண்ணாடியில் மெதுவாக ஒரு வட்டம் துடைத்தது.